ஜீரோ பார்த்துக்கோங்க

அக்காவின் காப்பு அன்று காலையும் சிவப்பாகத்தான் எரிந்தது.

"நீ வேணும்னே பண்றே" என்றேன்.

"இன்னாடா வேணும்னே? படம் காட்டினே, பாத்தேன். அது செவப்பா எரியுது. அதுக்கு நான் இன்னா பண்றது?"

ஜெசிந்தா அக்கா காப்பைக் கழற்றி உப்பு டப்பா பக்கத்தில் வைத்துவிட்டுத் தோசையைத் திருப்பினாள். பெட்ரோல் பங்க் சீருடையை ஏற்கெனவே போட்டிருந்தாள். அவளுக்குக் காலை ஷிப்டு. நான் இரவு ஷிப்டு முடிந்து மணலியிலிருந்து நேராக வந்திருந்தேன். அவள் கிளம்புவதற்கும் நான் விழுந்து தூங்குவதற்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில்தான் எங்கள் பயிற்சி.

"இன்னொரு தடவை பாரு. ஆலை வந்தப்புறம் அந்த ஊர்ல மூச்சுத் திணறல் கம்மியாயிருக்கு. கோடு எவ்ளோ தெளிவா இறங்குது பாரு."

"இறங்குது."

"அப்புறம் இன்னா?"

"எங்கேர்ந்து இறங்குது? மேல தொண்ணூறுன்னு போட்டிருக்கே. கீழ எம்பத்தஞ்சுன்னு போட்டிருக்கே. ஜீரோ எங்கடா?"

"ஜீரோவெல்லாம் போட்டா கோடு படுத்துடும்க்கா. இறங்கறதே தெரியாது."

"தெரியாத அளவுக்குத்தானே இறங்கியிருக்கு?"

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. தோசை வந்துவிட்டதால் கத்தவில்லை.

"எந்த ஊருடா இது?"

"மாதிரியூர். பரிட்சைக்காக வச்ச பேரு. அப்படி ஒரு ஊரே கிடையாது."

"அதான் ஒருத்தனும் ஜீரோ எங்கன்னு கேக்கல" என்று சொல்லிவிட்டு டிபன் டப்பாவை மூடினாள்.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. பன்னிரண்டு வருடமாகப் பங்க்கில் நிற்கிறாள். வண்டி வந்து நின்றதும் "ஜீரோ பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுத்தான் குழாயைக் கையில் எடுப்பாள். சொல்லாமல் போட்டால் வண்டிக்காரன் சண்டைக்கு வருவான். இப்போது பாதிப் பங்க்கில் சார்ஜ் ஏற்றும் கம்பங்கள் வந்துவிட்டன. அங்கேயும் அதேதான். நாள் முழுக்க அடுத்தவனுக்கு ஜீரோவைக் காட்டுகிறவளின் கண், எந்தத் திரையைக் கண்டாலும் முதலில் இடது கீழ் மூலைக்குத்தான் போகும். அது அறிவு அல்ல, பழக்கம். கொசு கடித்தால் கை போவதைப் போல.

அந்தப் பழக்கத்தால் நான் இரண்டு முறை தேர்வில் தோற்றிருந்தேன்.

*

புள்ளிவிவரப் படம் வரையும் 'விழி' மென்பொருள் சான்றிதழ்த் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் மையம் திருவொற்றியூரில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் இருந்தது. வகுப்பு முழுக்க முட்டை பஃப்ஸ் வாசனை. எங்களுக்குப் பாடம் எடுத்த கிருபாகரன் சார் முன்பு விளம்பரத் துறையில் இருந்தவர். சோப்பு விற்றது போதும் என்று இதற்கு வந்ததாகச் சொல்வார். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அவர் என் பயிற்சிப் பதிவைத் திரையில் போட்டார். என் கோட்டுப் படத்தின் மேல் அக்காவின் கண் போன இடமெல்லாம் புள்ளிகளாக விழுந்திருந்தது. படத்தில் நான் பாடுபட்டு வரைந்த கோட்டின் மேல் ஒரு புள்ளிகூட இல்லை. எல்லாம் இடது கீழ் மூலையில் எறும்பு மொய்த்த மாதிரி.

"இந்த அம்மா யாருப்பா? ஆடிட்டரா?"

"எங்க அக்கா சார். பெட்ரோல் பங்க்ல இருக்காங்க."

வகுப்பில் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "கஷ்டம்" என்றார்.

"ஆளை மாத்திக்கலாமா சார்? எங்க ரூம்ல ஒருத்தன் இருக்கான். எதைக் காட்டினாலும் ஆமாம்பான்."

"முடியாது. சாட்சிக்கண்ணுன்னு முதல்ல யார் பேரைக் குடுத்தியோ, மூணு தடவையும் அவங்கதான். இல்லேன்னா ஆளுக்கொரு தலையாட்டியைக் கூட்டிட்டு வந்துடுவீங்க. உனக்கு இது எத்தனாவது?"

"மூணாவது."

"கடைசி. இதுவும் போச்சுன்னா அப்புறம் எழுதவே முடியாது. தெரியும்ல?"

தெரியும். அக்கா பேரை ஏன் கொடுத்தேன் என்பதும் தெரியும். வேறு யாரும் எனக்காகக் காலையில் உட்கார மாட்டார்கள்.

பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டில் நின்றவன் நான். பெரிய கதை எதுவும் இல்லை. அரியர் சேர்ந்தது, போகப் பிடிக்கவில்லை, போகவில்லை. அதிலிருந்து மீன் கிடங்கில் இரவு வேலை. குளிர் எங்கே குறைகிறது என்று திரைகளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வெயில் என்பது நான் போர்வைக்குள்ளிருந்து வெறுக்கிற ஒரு விஷயமாகிவிட்டது. மனிதர்கள் விழித்திருக்கும் நேரத்தில் விழித்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என் லட்சியம். விழி சான்றிதழ் இருந்தால் பகல் வேலை கிடைக்கும். வேறு எந்த வழியும் என் கண்ணில் படவில்லை.

புதிதாகச் சேர்ந்த ஒருத்தி கையைத் தூக்கினாள். "சார், கடைசியில இந்தக் காப்பு எதை அளக்குது?"

கிருபாகரன் சாருக்குப் பிடித்த கேள்வி. மேஜை மேல் ஏறி உட்கார்ந்தார்.

"முன்னாடி ஒரு ஊர்ல ஆலை வரணும்னா கருத்துக்கேட்புக் கூட்டம் போடுவாங்க. நாற்காலி பறக்கும். மைக்கைப் பிடுங்குவான். பிரியாணிக்கு வெளியூர்லேர்ந்து லாரியில ஆள் வருவான். யார் நிஜமா சம்மதிக்கிறான், யார் நடிக்கிறான்னே தெரியாது. சம்மதச் சட்டம் வந்தப்புறம் அந்தத் தலைவலி இல்ல. ஊர்க்காரங்க மட்டும் வருவாங்க. கையில காப்பு. எதிர்ல படம். ஏழு நொடி. முடிஞ்சுது. மூணுல ரெண்டு பங்கு பச்சைன்னா சம்மதம்."

"அதான் சார், பச்சைன்னா என்ன?"

"ஒண்ணை நம்பிட்டோம்னா உடம்பு தளரும். கைக்குழந்தையை அம்மா வாங்கிக்கிட்டதும் அழுகை நிக்குமே, அந்தத் தளர்ச்சி. நாடி, வேர்வை, தோல் சூடு எல்லாத்துலயும் அது தெரியும். காப்பு அதைப் பிடிக்கும். சந்தேகம் வந்தா உடம்பு இறுகும், சிவப்பு. நடிக்க முடியாது. வாய்தான் பொய் சொல்லும். அதனாலதான் சட்டத்துலேர்ந்து வாயை எடுத்துட்டாங்க."

அதைச் சொல்லிவிட்டு எங்களைப் பார்த்துக் கொஞ்சம் காத்திருந்தார். நாங்கள் சிரித்தோம்.

"ஒரு நம்பர்கூட பொய்யா இருக்கக் கூடாது" என்று என் பக்கம் திரும்பினார். "பொய் நம்பர் போட்டா சான்றிதழ் ரத்து. நம்பரெல்லாம் உண்மை. பாக்கற ஆள் நிம்மதியா எழுந்து போகணும். உங்க அக்கா கண்ணை அந்த மூலையிலேர்ந்து தூக்கு ரூபன். எப்படின்னு கேக்காதே. தூக்கு."

*

தூக்கிப் பார்த்தேன். அச்சின் அடியில் இருந்த எண்களை மங்கலாக்கினேன். அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு அங்கேயே இன்னும் அதிக நேரம் பார்த்தாள். எண்களை அடியோடு எடுத்தேன். "மீட்டரையே கழட்டிட்டியா?" என்றாள். கோட்டைக் கைவிட்டு வட்டப் படத்துக்குப் போனேன். வட்டத்துக்கு ஜீரோ கிடையாது என்பது என் கணக்கு. அவள் வட்டத்தைப் பார்த்துவிட்டு, "மொத்தம் எத்தினி பேரு?" என்று கேட்டாள். சிவப்பு. மேல் மூலையில் ஒரு சிரிக்கும் குழந்தையின் படத்தைப் போட்டேன். "யாரு கொயந்தை இது? மாதிரியூர்தான் கிடையாதே" என்றாள். சிவப்பு.

ஒருநாள் கண் எரிகிற அளவுக்கு எனக்குத் தூக்கமில்லை. அக்காவின் மகள் ரோஸிக்கு முந்தின நாளிலிருந்து மூச்சு இழுப்பு. மூக்கில் ஆவிக் குழாய் வைத்து அப்போதுதான் தூங்க வைத்திருந்தாள். என் படம் மறுபடியும் சிவப்பானது. மடிக்கணினியைப் பட்டென்று மூடினேன்.

"உன்னாலதான் நான் ரெண்டு தடவை ஃபெயிலு. மூணாவதும் ஆகப் போறேன். சாவற வரைக்கும் மீனைப் பாத்துகினு கிடக்கணும். உனக்கு அதானே வேணும்?"

"மெதுவா பேசு. புள்ள எழுந்துக்கும்."

"ஒரே ஒரு தடவை, எனக்காக, நம்பித் தொலைக்கக் கூடாதா?"

அவள் காப்பைக் கழற்றினாள். அரிசி டிரம்மைத் திறந்து உள்ளே போட்டு மூடினாள்.

"நேத்து நீ காட்டறதுக்கு முன்னாடி மாதாவை வேண்டிகினேன்டா" என்றாள். "இன்னிக்கு எதையும் கேக்கக் கூடாது, தம்பி காட்டறான், நல்லாருக்குன்னு நெனைச்சுக்கணும்னு. நெனைச்சேன். அப்பவும் அந்த எழவு செவப்பாதான் எரிஞ்சுது. நான் இன்னா பண்ணட்டும்? கண்ணைப் பிடுங்கிக் குடுக்கட்டா?"

நான் எழுந்து வந்துவிட்டேன். அவள் இருந்த நெய்தல் நகர், கழிமுகத்திலிருந்து கிளப்பிவிடப்பட்டவர்களுக்காகக் கட்டிய அடுக்குக் குடியிருப்பு. அதன் பின்பக்கச் சாலை முழுக்க நீலத் தகரம் அடித்து மறைத்திருந்தார்கள். உள்ளே என்ன வரப்போகிறது என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. அந்தத் தகரத்தைக் காலால் ஒரு உதை விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். கால்தான் வலித்தது.

*

தேர்வன்று அவள் வரமாட்டாள் என்றே நினைத்தேன். தரமணிக் கட்டடத்து வாசலில் எனக்கு முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தாள். நல்ல புடவை. தலையில் பூ. கல்யாணத்துக்கு வந்த மாதிரி.

"பங்க்ல லீவு சொல்லிட்டேன்" என்றாள்.

தேர்வு அறையில் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். அவள் முன்னால் ஒரு திரை. நான் வரைந்து பொத்தானை அழுத்தினால் அவள் திரையில் ஏழு நொடி தெரியும். இந்த முறை நிலத்தடி நீர். ஒரு சாயப்பட்டறை, சுற்றியுள்ள கிணறுகளின் உப்பு அளவு, பத்து வருடக் கணக்கு.

எனக்குக் கை ஓடவில்லை. கற்றுக்கொண்ட வித்தை எல்லாவற்றையும் அவள் ஏற்கெனவே தோற்கடித்துவிட்டாள் என்பது மட்டும்தான் நினைவில் இருந்தது. ஒரு படம் வரைந்தேன், அழித்தேன். இன்னொன்று வரைந்தேன், அழித்தேன். நேரம் முடியப்போகிறது என்று திரை ஓரம் மின்னத் தொடங்கியதும், மென்பொருளைப் புதிதாகத் திறப்பவன் போடுகிற மொட்டையான பார் சார்ட் ஒன்றைப் போட்டேன். ஜீரோவிலிருந்து தொடங்கியது. எல்லாப் பாரும் ஒரே உயரம். யாரையும் எதற்கும் சம்மதிக்க வைக்க முடியாத படம். அழுத்திவிட்டு நகத்தைக் கடித்தேன்.

அவள் காப்பு பச்சையானது.

மேற்பார்வையாளர் வந்து பார்த்துவிட்டு, "பாஸ்" என்றார். நான் திரையைப் பார்த்தேன், காப்பைப் பார்த்தேன். தேர்வு அறிக்கையில் அவள் கண் போன இடங்கள் பதிவாகியிருந்தன. படத்தின் மேல் ஒரு புள்ளியும் இல்லை. மூலையிலும் இல்லை. 'பார்வை படச்சட்டத்துக்கு வெளியே' என்று மட்டும் ஒரு வரி. பாஸ் ஆனவன் அந்த மாதிரி வரிகளையெல்லாம் படித்துக்கொண்டிருக்க மாட்டான்.

திரும்பும் பஸ்ஸில் அவள் வேர்க்கடலை வாங்கினாள்.

"ஜீரோ போட்டிருந்தேன், பாத்தியா? அதனாலதான் பச்சையாச்சு" என்றேன்.

"ஜீரோவா? படத்தை எங்கடா பாத்தேன்? உன் மூஞ்சியத்தான் பாத்தேன்."

"மூஞ்சியா?"

"கண்ணாடி வழியா தெரிஞ்சுதே. டென்த் ரிசல்ட் அன்னிக்கு இஸ்கூல் கேட்டாண்ட நகத்தைக் கடிச்சுகினு நின்னியே, அதே மூஞ்சி. பாவம்டா, இவனா எனக்குக் கெட்டதைக் காட்டப் போறான்னு தோணிச்சு. சப்புனு பச்சை ஆயிடுச்சு." கடலைத் தோலை ஊதினாள். "நான் தப்பு ஒண்ணும் பண்ணலியே?"

"இல்ல."

கொஞ்சம் அவமானமாக இருந்தது. பகல் வேலை கிடைக்கப் போகிறது என்ற நினைப்பில் அது வேளச்சேரி தாண்டுவதற்குள் போய்விட்டது.

*

வேலை கிடைத்தது. கிருபாகரன் சார் மையத்தை வேறொருவரிடம் விட்டுவிட்டு, சம்மதக் கூட்டங்களை நடத்திக் கொடுக்கும் நிறுவனத்தில் வட்டாரப் பொறுப்பாளராகச் சேர்ந்திருந்தார். அவர் கீழேதான் நானும். காலையில் எழுந்தேன். வெயிலில் நடந்தேன். மதியச் சாப்பாட்டை மதியத்தில் சாப்பிட்டேன். முதல் மாதம் முழுக்கப் பழைய கூட்டங்களின் பதிவுகளை அடுக்கி வைக்கச் சொன்னார்கள். படம் வரையச் சொல்லவே இல்லை.

பிறகு ஒருநாள் கூப்பிட்டார். மேஜையில் ஒரு வரைபடம். நெய்தல் நகர், பின்பக்கச் சாலை, நீலத் தகரம்.

"பழைய பேட்டரி உருக்கற ஆலை" என்றார். "ஞாயித்துக்கிழமை சம்மதக் கூட்டம். உன்னைப் போட்டிருக்கு."

"எங்க அக்கா அங்கதான் சார் இருக்காங்க. அவங்க பொண்ணுக்கு இழுப்பு."

"தெரியும்."

"பேட்டரி உருக்கினா ஈயப் புகை வரும்."

"படம் ரெடியா இருக்கு."

"யார் பண்ணினது?"

"விழியே பண்ணிடுச்சு. இப்பல்லாம் மனுஷன் படம் போடறது பரிட்சைக்கு மட்டும்தான் ரூபன்."

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. "அப்ப எங்களுக்கு எதுக்கு சார் சான்றிதழ்?"

"சான்றிதழ் உங்களுக்கு. பரிட்சை அதுக்கு." மேஜை மேல் ஏறி உட்காரவில்லை. நாற்காலியிலேயே இருந்தார். "ஒவ்வொரு பரிட்சையிலயும் ஒரு சாட்சிக்கண்ணு எந்த நொடியில, எதைப் பாத்துப் பச்சையாச்சுன்னு அது கத்துக்குது. வருஷத்துக்கு லட்சம் பேரு, வீட்டுல இருக்கறவங்களையே கூட்டிட்டு வந்து உக்கார வச்சுக் கத்துக் குடுக்கறீங்க. உன் பரிட்சையிலேர்ந்தும் ஒண்ணு கத்துக்கிச்சு. ஞாயித்துக்கிழமைக்கு உன் பேரைப் போட்டது நான் இல்ல. அதுதான்."

"நான் வரலேன்னா?"

"வேற ஒருத்தன் வருவான். நீ மறுபடியும் மீனைப் பாக்கப் போகலாம். கூட்டம் எப்படியும் நடக்கும்."

"வந்தா நான் என்ன செய்யணும்?"

"ஸ்கிரீன் பக்கத்துல நிக்கணும். பேசக் கூடாது. வாயைத் திறந்தா வெளிய தூக்கிட்டு வேற ஆளை நிறுத்துவோம். மத்தபடி சொறிஞ்சுக்கோ, கொட்டாவி விடு, என்ன வேணா பண்ணு. மூஞ்சி தெரியணும். அவ்ளோதான்."

மாட்டேன் என்று எழுந்து வந்திருக்கலாம். வேறொருவன் வருவான் என்று சொன்னது காதில் இருந்தது. உள்ளே நிற்பவன் நானாக இருந்தால் ஏதாவது செய்யலாம் என்று தோன்றியது. அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போனேன்.

"அவங்களுக்கு உன் கண்ணு நல்லாத் தெரியும்க்கா. மூணு தடவை பரிட்சையில பாத்திருக்காங்க. நீ ஜீரோ பாப்பேன்னு தெரிஞ்சு வேற ஏதோ வித்தை வச்சிருப்பாங்க. படத்தைப் பாக்காதே. பாத்தா விழுந்துடுவே."

"படத்தைப் பாக்காம வேற எங்கடா பாக்கறது?"

"என்னைப் பாரு. ஸ்கிரீன் பக்கத்துலதான் நிப்பேன். பேச முடியாது. வேணாம்னு தலையாட்டுவேன். அதை மட்டும் பாரு."

அவள் யோசித்தாள். "எனக்கு மட்டுமா? பி பிளாக்கு, சி பிளாக்குக்காரங்க எல்லாம்?"

"எல்லார்கிட்டயும் சொல்லு."

"அதை என்கிட்ட விடு" என்றாள். சொன்னபடி செய்தாள். அந்த வாரம் தண்ணீர் லாரி வரிசையில், சர்ச் வாசலில், பங்க்கில் வண்டிக்கு ஜீரோ காட்டுகிற இடைவெளியில் என்று ஒருவர் விடாமல் சொல்லியிருக்கிறாள். ஜெசிந்தா தம்பி ரூபன் நம்ம பக்கம். அவன் மூஞ்சியப் பாருங்க. அவன் தலையாட்டினா வேணாம்.

*

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து எல்லோரும் சமுதாயக் கூடத்துக்கு நேராக வந்தார்கள். காப்புகளை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பயிற்சியில் எரிகிற மாதிரி கூட்டத்தில் காப்பு எரியாது. பக்கத்திலிருப்பவனைப் பார்த்து மனம் மாறிவிடக் கூடாது என்று நிறத்தை அணைத்து வைத்திருப்பார்கள். நிறம் தெரிவது பொறுப்பாளர் கையிலிருக்கும் பலகையில் மட்டும். கிருபாகரன் சார் அதை வைத்துக்கொண்டு எனக்கு இரண்டடி தள்ளி நின்றார்.

திரை ஒளிர்ந்தது. நான் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தேன். குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்தின் அளவு, இதே ஆலை இருக்கும் வேறு ஊர்களில். ஒரு கோடு. சாதாரணமாக இறங்கியது. இடது கீழ் மூலையில் ஜீரோ இல்லை. நாற்பது என்று போட்டிருந்தது, பெரிய எழுத்தில், பளிச்சென்று. மறைக்க யாரும் மெனக்கெடவே இல்லை. நான் முதல் வாரப் பயிற்சியில் போட்ட படம் மாதிரி இருந்தது. அக்கா ஒரு நொடி பார்த்தால் போதும். வித்தை எதுவும் இல்லை.

நான் கூட்டத்தின் பக்கம் திரும்பினேன். ஒருவர்கூடத் திரையைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். என்னைப் பள்ளிக்கூடம் போகும்போது பார்த்தவர்கள், அம்மா சாவுக்கு வந்தவர்கள், கல்லூரியை விட்டதும் திட்டியவர்கள். இரண்டாவது வரிசையில் அக்கா.

நான் தலையாட்டினேன். வேண்டாம். நன்றாகத் தெரியும்படி இன்னொரு முறை.

அக்காவின் முகம் மலர்ந்தது. எனக்குத் தெரிந்து முதல்முறையாக எதையும் கேட்காமல், எதையும் தேடாமல், என்னை அப்படியே நம்பினாள். அவள் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் தோளும். வரிசை வரிசையாக.

கிருபாகரன் சாரின் பலகை பச்சையாக நிறைந்துகொண்டே வந்தது.

நான் வாயைத் திறந்தபோது ஏழு நொடி முடிந்திருந்தது. திரை அணைந்தது. "நன்றி, எல்லாரும் கிளம்பலாம்" என்று அவர் ஒலிபெருக்கியில் சொன்னார். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தி, "நான் பாத்ததுலயே இதான் அதிகப் பச்சை" என்றார். அதில் கேலி இல்லை. களைப்பு இருந்தது.

"நான் வேணாம்னு தலையாட்டினேன் சார்."

"பாத்தேன். காப்புக்கு உன் தலை தெரியாதுப்பா."

வெளியே அக்கா கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். யாரோ அவள் முதுகில் தட்டினார்கள். யாரோ எனக்குக் கையைத் தூக்கிக் காட்டினார்கள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடா, ஒழிச்சுட்டோமா?"

"அக்கா, மூலையில ஜீரோ இருந்துச்சா, இல்லையா? பாத்தியா?"

"எங்க பாத்தேன்?" என்று சிரித்தாள். "நீதானே பாக்காதேன்னே. உன்னையேதான் பாத்துகினு இருந்தேன்."

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று, சீருடைச் சட்டையைப் புடவையின் மேலேயே மாட்டிக்கொண்டு, நீலத் தகரத்தை ஒட்டிய சாலையில் வேகமாக நடந்து போனாள்.